சூரியன் மேல் போட்ட பழி

அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் லைனக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் ஒருமுறை வெளியே வரும். கட்டிய கணவரே, நகரப் பேருந்து ஓட்டுகிறவர், கோபம் வந்தால் "ஏய் லைன்" என்றுதான் கூப்பிடுவார்.

ராணுவத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோளின் தரை நிலையத்தில் அவள் ஆபரேட்டர். சீருடை கிடையாது, சிவிலியன் ஊழியர். ஊருக்கு வெளியே, முள்வேலிக்குள், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெரிய ஆண்டெனா வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி நிற்கும். ஊழியர்கள் அதைக் குடை என்பார்கள். அதைத் திருப்பி, துடைத்து, எண்ணெய் விட்டுப் பராமரிக்கிற டெக்னீஷியனுக்குக் குடைக்காரர் என்று பெயர். குடைக்குக் கீழே குளிரூட்டிய அறை. அங்கே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்தவள் லைனக்கா.

செயற்கைக்கோள் என்றதும் ஆளாளுக்கு ஒரு கற்பனை. உண்மையைச் சொல்லிவிடுவோம். அந்தக் கோள் படம் எடுக்காது. குண்டு போடாது. பூமி சுற்றுகிற வேகத்திலேயே தானும் சுற்றுவதால் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் நிற்கும். இங்கே பேசியதை அங்கே கேட்க வைக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த தொழில். கம்பி போகாத மலை முகாமுக்கும், கோபுரம் எட்டாத நடுக்கடல் கப்பலுக்கும் "போ", "நில்", "திரும்பு" என்ற சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வேறு யார் காதிலும் விழாதபடி பூட்டுப் போட்டுச் சேர்க்கும். அந்தச் சொல் சேரவில்லை என்றால் பட்டாளம் என்பது துப்பாக்கி வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிற கூட்டம்தான்.

அவ்வளவு தூரம் போய் வருவதால் பேச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். கேள்வி கேட்டால் பதிலுக்கு அரை மூச்சு காத்திருக்க வேண்டும். இருபது வருஷத்தில் அந்தப் பழக்கம் லைனக்காவுக்கு உடம்போடு ஒட்டிவிட்டது. வீட்டில் "தண்ணி கொண்டா" என்றாலும் ஒரு கணம் நின்றுதான் "சரி" என்பாள். "நமக்கு நடுவுலயும் ஒரு செயற்கைக்கோள விட்டுட்டாங்களா?" என்று கணவர் கேட்பார்.

அந்தக் கோளில் பகலில் இரண்டு மணி நேரம் ஒரே ஒரு பாதையைக் குடும்பங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். முகாமில் இருக்கிறவன் வீட்டாரோடு பேசலாம். வெளித் தொலைபேசிக்கு இணைப்பு கிடையாது, ரகசியம் தெருவுக்குப் போய்விடும். குடும்பங்கள்தான் நிலையத்துக்கு வர வேண்டும். முன்பக்கம் ஒரு கூடம், அதில் நீள பெஞ்சு, மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு. முன்பெல்லாம் அந்த இரண்டு மணி நேரம் அதிகாரிகளின் வீட்டுக்கு மட்டும்தான். சிப்பாயின் அம்மா கூடத்து வாசலைக்கூட மிதிக்க முடியாது. அதை மாற்றியவள் லைனக்கா.

ஊழியர் சங்கத்துக்கு அவள் செயலாளர் ஆன வருஷம் அது. கேன்டீனில் ஒரு மதியம் அத்தனை பேரும் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்தார்கள். நிலையத்தின் பெரிய அதிகாரி ஓடி வந்தார். "உங்களுக்கு என்னம்மா குறை? இது உங்க சம்பளப் பிரச்சினைகூட இல்லையே" என்றார்.

"சம்பளம் கேக்கலைங்க ஐயா. அதிகாரி வீட்டம்மாவுக்கு மட்டும்தான் புருஷன் குரல் கேக்கணும்னு தோணுமா? சிப்பாயப் பெத்தவளுக்குத் தோணாதா?"

"அதெல்லாம் பதவிக்கு ஏத்த வசதிம்மா."

"பதவிய வாசல்ல கழட்டி வெச்சிட்டு வரச் சொல்லுங்க. உள்ள வந்தா பெஞ்சுதான், வரிசைதான்."

மூன்றாம் நாள் அவர் இறங்கி வந்தார். அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் பெஞ்சு வரிசைதான் சட்டம். முதலில் வந்தவர் கூண்டுப் பக்கம் உட்காருவார். அவர் எழுந்து போனால் மற்றவர்கள் ஓர் ஆள் தள்ளி நகருவார்கள். அதிகாரியின் மனைவியும் நகருவார், சமையற்காரனின் தங்கையும் நகருவாள். ஆளுக்குப் பத்து நிமிஷம். உள்ளே வந்தால் பெஞ்சுதான், வரிசைதான் என்று பிள்ளைகள்கூட விளையாட்டில் சொல்லித் திரிந்தார்கள்.

பேசுவதை எல்லாம் லைனக்கா கேட்டாக வேண்டும், அதுவும் வேலையில் சேர்ந்ததுதான். எங்கே இருக்கிறேன், எப்போது கிளம்புகிறேன் என்று யாராவது வாய் தவறினால் சிவப்புப் பொத்தானை அமுக்கி அறுத்துவிட வேண்டும். இன்னார் இனியார் பார்க்காமல் அறுப்பாள். கேட்டதைக் கேட்ட இடத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். யார் வீட்டில் என்ன சண்டை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததாக ஒரு முகக்குறி காட்டமாட்டாள். அதனால்தான் எல்லோரும் அவளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

சூரியன் விஷயமும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். வருஷத்தில் இரண்டு முறை, சில நாட்களுக்கு, உச்சிப் பொழுதை ஒட்டிச் சூரியன் நேராகக் கோளின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். குடை கோளைப் பார்க்கும்போது சூரியனையும் சேர்த்துப் பார்த்துவிடும். சூரியன் போடுகிற இரைச்சலில் பேச்சு மூழ்கிப்போகும். சில நிமிஷம்தான், சூரியன் நகர்ந்ததும் சரியாகிவிடும். எந்த நாள், எந்த நேரம் என்பது முன்கூட்டியே கணக்குப் போட்ட விஷயம். குடைக்காரர் அதை ஓர் அட்டவணையாகப் போட்டு உள்ளறைச் சுவரில் ஒட்டியிருப்பார். கூடத்தில் இருப்பவர்களுக்கு அட்டவணை தெரியாது. லைனக்கா "சூரியன்" என்றால் சூரியன்.

இஸ்திரியம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீருடைக் கிடங்கின் பின்கட்டில் காலையிலிருந்து மாலை வரை இஸ்திரி போடுகிறவள். கணவன் இல்லை. ஒரே மகன், மலை முகாமில் சிப்பாய். ஒரு வருஷமாக அவன் அம்மாவோடு பேசவில்லை. அவள் மட்டும் தன் முறைக்குத் தவறாமல் வந்து பெஞ்சில் உட்காருவாள், நகருவாள், கூண்டுக்குள் போவாள். "டியூட்டியில இருக்கான்மா" என்று முகாம் ஆபரேட்டர் சொல்லுவான். "சரிப்பா, உடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்று வெளியே வருவாள். பத்து நிமிஷத்தில் ஒன்பது மிச்சம்.

"என்ன இஸ்திரியம்மா, பையனோட சுருக்கம் இன்னிக்கும் போகலையா?" என்று யாராவது கிண்டலடித்தால், "சூடு பத்தல, இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பாள்.

அவன் பயிற்சியில் இருந்தபோது முகாம் வாசல் வரை அவனைத் தேடிப் போனாள் என்பதும், போன வேகத்தில் திரும்பி வந்தாள் என்பதும்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அங்கே என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்று அவன் லைனுக்கு வந்தான்.

லைனக்கா ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அம்மா, நான்தான்" என்கிறான். கூண்டுக்குள் இஸ்திரியம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். "அம்மா? இருக்கியா?" என்கிறான். "இருக்கேன்டா" என்கிறாள். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துப் பேசினார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அப்புறம் அவன் குரல் இறங்கியது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு... அன்னிக்குக் கேட்ல..."

அந்த நேரத்தில்தான் லைனக்காவின் இன்னொரு காதில் கப்பல் ஆபரேட்டர் வந்தான். ரோந்துக் கப்பல் ஒன்றில் அவளுடைய மருமகன் இருந்தான். "அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல வாய மூடப்போறோம். உங்க மாப்பிள்ள பக்கத்துலதான் நிக்கிறாரு. இப்பக் கொடுத்தா உண்டு, இல்லன்னா எப்பன்னு தெரியாது."

வாயை மூடுவது என்றால் இதுதான். ஒரு கப்பல் கோளுக்குப் பேசினால், அந்தப் பேச்சின் பொருள் பிடிபடாவிட்டாலும் பேசிய இடம் எதிராளிக்குப் பிடிபட்டுவிடலாம். அதனால் முக்கியமான வேலைக்குக் கிளம்பும் முன் கப்பல்கள் பேசுவதை நிறுத்திவிடும். உத்தரவு மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

மகள் கூடத்தில் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். காலையில் தாமதமாக வந்ததால் பெஞ்சின் நடுவில் ஐந்தாறு பேருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக லைனக்கா மகளைப் பார்த்தாள். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

இஸ்திரியம்மாவின் நேரம் பாதிகூட முடியவில்லை. இடத்தையும் சொல்லவில்லை, நாளையும் சொல்லவில்லை. அறுப்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

லைனக்கா சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"சூரியன் குறுக்க வந்துடுச்சும்மா. லைன் போச்சு" என்று கூண்டுக்குச் சொன்னாள். அப்புறம் கூடத்துக்கு மைக்கில் சொன்னாள்: "கப்பலுக்கு வேற பாதை இருக்கு, அது மட்டும் வருது. கப்பல்காரங்க யாராவது இருந்தா வாங்க." அன்று கப்பல்காரர்கள் என்று அங்கே இருந்தது மகள் ஒருத்திதான் என்பது அவளுக்குத் தெரியாதா? வேறு பாதை என்று ஒன்று இருந்ததா? ஒரு மண்ணும் இல்லை. ஒரே பாதை, அதைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. கர்ப்பிணிப் பெண் எழுந்து நடக்க, பெஞ்சில் இருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். இஸ்திரியம்மா கூண்டுக் கதவை அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்து வாம்மா, படி இருக்கு" என்றாள். அப்புறம் பெஞ்சின் முனையில் உட்கார்ந்துகொண்டு, "சூரியன் என்ன பண்ணும் பாவம். நகர்ற வரைக்கும் இருக்கேன்" என்றாள்.

சூரியன் நகர்வதற்குள் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. எல்லாப் பாதையும் ராணுவ வேலைக்கு. குடும்பப் பேச்சு மறு அறிவிப்பு வரை ரத்து. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. எல்லையில் என்னவோ நடந்தது. என்ன என்று லைனக்காவுக்கே முழுதாகத் தெரியாது, துண்டு துண்டாகத்தான் வரும். இந்த முகாமை அந்த ஹெலிகாப்டரோடு சேர், அடிபட்டவனைத் தூக்கப் படகு அனுப்பு, டாக்டரைக் கூப்பிடு. மழையில் ஒரு முகாமின் சிக்னல் தேய்ந்துபோனபோது, வேறு எதையெல்லாம் குறைத்து அதற்குச் சக்தி ஏற்றலாம் என்று யோசித்து ஏற்றினாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வேலை மும்முரத்தில் இருந்த வரைக்கும் தப்பித்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தால் அந்தக் குரல் வந்துவிடும். "அன்னிக்குக் கேட்ல..."

ஒரு நாள் மலை முகாம் ஆபரேட்டர் வேலைப் பேச்சு முடிந்ததும் சொன்னான்: "அக்கா, இஸ்திரியம்மா பையன் இனிமே லைன் பக்கம் வரமாட்டேங்கிறான். இவன் பேச ஆரம்பிச்சதும் அவங்கம்மா போன வெச்சிட்டாங்களாம்."

"வெக்கலப்பா. சூரியன். சூரியன்னு சொல்லு அவன்கிட்ட."



"எந்தச் சூரியன்க்கா? எங்க அட்டவணைல அதுக்கு முந்தின வாரமே முடிஞ்சிடுச்சு. உங்க பக்கமும் ரெண்டு மூணு நாள்தானே வித்தியாசம். அவனும் சிக்னல் செக்ஷன் பையன்தான், அவனுக்குத் தெரியாதா?"

லைனக்கா வேறு அழைப்பு வருவது போலப் பேச்சை மாற்றினாள். அவள் சொன்ன பொய் அட்டவணை இல்லாதவர்களிடம் மட்டும்தான் செல்லும். சங்கக் கூட்டத்தில் எத்தனை முறை பேசியிருக்கிறாள், தெரியாதவன் தலையில்தான் மிளகாய் அரைக்கிறார்கள் என்று. கைதட்டல்கூட வாங்கியிருக்கிறாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவைதானே. விடு" என்றார்.

"விட்டுடலாமா?"

"பெத்தவ செய்யாம பொண்ணுக்கு யாரு செய்வா? எவளா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பா."

அவள் ஒரு கணம் நின்றுதான் பேசினாள். "அந்தம்மாவும் பெத்தவதான்."

தாய்ப்பாசம் என்று சொல்லித் தப்பிக்க அவளுக்கு ஒரு வழி இருந்தது, அந்த வழியில் இஸ்திரியம்மா உட்கார்ந்திருந்தாள்.

சண்டை ஓய்ந்ததும் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பெரிய அதிகாரி பேசினார். லைனக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, நாட்டுக்குச் சேவை செய்தவர் என்று சொல்லிக் கேடயம் கொடுத்தார். கீழே கூட்டத்தில் இஸ்திரியம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். லைனக்கா கேடயத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இறங்கினாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இறங்கி வரும்போது காதில் விழுந்தது. எவளோ இஸ்திரியம்மாவைச் சீண்டினாள். "உன் பையன்தான் பாதியில வெச்சிட்டானாமே?"

"யாரு சொன்னா? சூரியன் வந்துச்சு. லைனக்காவே சொன்னா. அவ பொய் சொல்ல மாட்டா."

கேடயத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. உள்ளறை அலமாரியில், உபரிக் கம்பிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

குடும்பப் பேச்சு மறுபடி திறக்கிற நாள் வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. முதல் ஆளாக வந்து கூண்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் இஸ்திரியம்மா. மடியில் துணி மூட்டைகூட இல்லை, அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

குடைக்காரர் உள்ளறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான், கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"அக்கா, பெரியவரு வீட்டம்மா வந்துட்டு இருக்காங்க. முகாம்ல இருக்கற தம்பிகிட்ட பேசணுமாம், மொதல் ஆளா. பெஞ்சுல உக்கார வெக்க முடியாது பாருங்க."

"வரிசைதான்."

"அது தெரியும்க்கா. சும்மா ஒரு பத்து நிமிஷம். சூரியன்னு சொல்லிடுங்க."

லைனக்கா திரும்பிப் பார்த்தாள். குடைக்காரர் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு பேசினார், அவளைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு வந்துச்சுல்ல, அட்டவணைல இல்லாத சூரியன். நான் யாருகிட்டயாவது மூச்சு விட்டேனா? விடமாட்டேன். பொண்ணு விஷயம், எனக்குப் புரியாதா. ஆனா ஒருத்தருக்கு வந்த சூரியன் இன்னொருத்தருக்கும் வரலாம் இல்லையா? நீங்க சொன்னா நம்புவாங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவர் கூட்டாளியோடு பேசுவது போலப் பேசினார். அதுதான் அடி. அதிகாரிகளிடமிருந்து தட்டைக் கவிழ்த்து வாங்கிய பெஞ்சை அவள் ஒரே அமுக்கில் திருப்பிக் கொடுத்திருந்தாள். இன்று இந்தம்மா, நாளைக்கு இன்னொருவர். வருஷம் முழுக்கச் சூரியன் வரும். அதுவும் யாருடைய முறையில்? முதலில் உட்கார்ந்திருப்பவள் முறையில். இரண்டாவது முறையாக.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். மைக்கில் பேசவில்லை. நேராகப் போய்ப் பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். பேச்சு அடங்கியது. மகளும் அங்கேதான் இருந்தாள், சுவரோரம்.

"அன்னிக்குச் சூரியன் வரல" என்றாள். "நான்தான் அறுத்தேன். இஸ்திரியம்மா லைன அறுத்து என் பொண்ணுக்குக் கொடுத்தேன். வேற பாதைன்னு சொன்னதும் பொய்."



"அம்மா" என்றாள் மகள். "என்னம்மா சொல்ற? நான் கேட்டனா?"

"நீ கேக்கல."

பின்னால் ஒருவர், "நீயே இப்படின்னா..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். அதிகாரிகள் யாராவது செய்திருந்தால் கூடம் கொதித்திருக்கும். இப்போது எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்காக அவர்கள் கூசினார்கள். திட்டியிருந்தால் தேவலை.

இஸ்திரியம்மா மட்டும் அவள் முகத்தையே பார்த்தாள்.

"நீதான் எல்லாத்தையும் கேப்பியே" என்றாள். "உன் பொண்ணு அப்ப என்ன பேசுனா?"

லைனக்கா இருபது வருஷத்தில் கேட்ட ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. மகளைப் பார்த்தாள். மகள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல கட்டில எந்தப் பக்கம் போடறதுன்னு பேசுனாங்க."

"பத்து நிமிஷமுமா?"

"ஆமா."

யாரோ இருமினார்கள். வாசலில் ஒரு கார் வந்து நின்றது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"என் பையன் வருவானா இன்னிக்கு?"

"வரமாட்டேங்கிறான். நீங்க வெச்சிட்டதா நெனச்சுக்கிட்டு இருக்கான்."

"நானா?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் வெப்பனாடி? ஒரு வருஷம் உக்காந்திருந்தேனே." அப்புறம் கையை உள்ளறைப் பக்கம் காட்டினாள். "போ. போய் நடந்தத அவன்கிட்ட சொல்லு."

பெரிய அதிகாரியின் மனைவி உள்ளே வந்தபோது ஒருவரும் எழவில்லை. பெஞ்சின் கடைசியில் இருந்த சமையற்காரனின் தங்கை, தன் பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். அந்தம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மலை முகாம் ஆபரேட்டரிடம் லைனக்கா சொன்னாள்: "அவன் அம்மா வெக்கலப்பா. நான்தான் அறுத்தேன், என் மருமகனுக்குக் கொடுக்கறதுக்காக. இதே வார்த்தையச் சொல்லி அவனக் கூட்டிட்டு வா."

கோளுக்கும் பூமிக்கும் நடுவில் உள்ள தாமதம் அவளுக்கு அத்துப்படி. இது அதைவிட நீளமாக இருந்தது. "சரி" என்றான் அவன். அக்கா என்று சேர்க்கவில்லை.

மகன் வந்தான். மூச்சு வாங்கியது, ஏறி வந்திருப்பான். லைனக்கா கூண்டுக்கு இணைப்பைக் கொடுத்தாள். சட்டப்படி அவள் கேட்டாக வேண்டும். கேட்டாள்.

"அம்மா, நீ வெச்சிட்டேன்னு..."

"லைன்ல இருக்கறவ அறுத்துட்டா. அத விடு. கேட்ல என்ன? சொல்லு."

"அன்னிக்கு நீ வந்து நின்னப்ப, பசங்க யாருடான்னு கேட்டாங்க. நான்... நம்ம துணி தேய்க்கிற அம்மான்னு சொல்லிட்டேன்மா."

"தெரியும்டா. காதுல விழுந்துச்சு."

"விழுந்துச்சா? அப்ப ஏன் ஒண்ணும் சொல்லாமப் போன?"

"துணி தேய்க்கிறவதானே. பொய்யா சொன்ன? நீயா சொல்லுவேன்னுதான் இருந்தேன்." பிறகு, "அழாத. பின்னாடி யாராவது நிப்பாங்க" என்றாள்.

லைனக்காவைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்கூட வரவில்லை. பத்து நிமிஷத்தில் அவளுக்கு ஒதுக்கியது ஒரு வரி. ஒரு மாதமாக அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் காலில் இடறிய கல். தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

விசாரணை வந்தது. காரணமில்லாமல் இணைப்பை அறுத்ததற்காகவும் பொய் சொன்னதற்காகவும் அவளைக் குடும்பப் பேச்சிலிருந்து எடுத்து, உதிரிப்பாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். சங்கத்தில் செயலாளர் பதவியை ராஜினாமா செய்தாள். கூட்டத்தில் அதைப் படித்தபோது, "வேண்டாம், இருங்க" என்று யாராவது சொல்வார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அப்படி ஒரு ஆசை இருந்ததே அவளுக்குப் பெரிய வெட்கம். யாரும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அடுத்த விஷயம், சூரியன் அட்டவணையைக் கூடத்திலும் ஒட்ட வேண்டும் என்பது. இஸ்திரியம்மா கொண்டுவந்த கோரிக்கை. குடைக்காரரே பெரிய எழுத்தில் போட்டு, ஏணி வைத்து ஏறி ஒட்டினார்.

மகள் கொஞ்ச நாள் பேசவில்லை. குழந்தை பிறந்த பிறகு பேசினாள், அதுவும் தேவைக்கு. கைக்குழந்தையோடு முதல் முறையாகக் கணவனிடம் பேசக் கூடத்துக்கு வந்த நாளில், பையைத் தூக்க ஆள் வேண்டும் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கூடம் முன்போலவே நிறைந்திருந்தது. லைனக்கா உள்ளே நுழைந்ததும் கால் பழக்கத்தில் முன்பக்கம் போய்விட்டது. கூண்டை ஒட்டி நின்றுவிட்டாள். முன்பெல்லாம் அவள் வந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள்.

இஸ்திரியம்மா பெஞ்சில் இருந்து தலையைத் தூக்கினாள். குழந்தையைப் பார்த்தாள். போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள் மகளிடம். அப்புறம் லைனக்காவிடம் சொன்னாள்.

"கடைசி அந்தப் பக்கம்."

லைனக்கா பையைத் தூக்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் தாண்டிக் கடைசி வரை நடந்து போய், மகளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் ஒருவர் எழுந்து கூண்டுக்குள் போனார். எல்லோரும் நகர்ந்தார்கள். அவளும் நகர்ந்தாள்.